நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்

மச்சான் ஜீப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, நம்பர் பிளேட்டை ஒரே விரலால் மேலே தூக்கியதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அது கீல் வைத்த பிளேட். தூக்கினால், பின்னால் நான்கு உருளைகளுக்கு நடுவே இரும்பு ரோப்பின் கொக்கி தெரியும். விட்டால் மூடிக்கொள்ளும். அப்புறம் பார்க்கிறவர்களுக்கு அது சாதாரண ஜீப்தான். அவர் அதை ஏழெட்டு முறை தூக்கித் தூக்கிப் பார்த்தார். மூன்று போர்வெல் ரிக் வண்டிகளுக்குச் சொந்தக்காரர், வடக்கே போய் மாதக்கணக்கில் பாறையைத் துளைத்துவிட்டு வருகிறவர், ஐம்பதை நெருங்கியவர். அன்றைக்குப் புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி இருந்தார். "இருக்கறதே தெரியலீங்களே மாப்ள" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எனக்கு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை. ஜீப் வேலை எல்லாம் நான் எடுப்பதில்லை. ஜீப்காரர்கள் ஒரு ஸ்குரூவுக்கு ஒரு நாள் நின்று பேசுவார்கள். ஆனால் பெண் கொடுத்த வீட்டுக்காரர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல எனக்கு ஏது வாய்? அவருக்குச் சேந்தமங்கலம் பக்கம் மலையடியில் தோட்டம். மழை பெய்தால் வண்டித்தடம் முழுக்கச் சேறாகிவிடும். சிக்கினால் தன்னைத்தானே இழுத்துக்கொள்ள, மோட்டாரில் இரும்பு ரோப்பைச் சுற்றி இழுக்கும் ஒரு வின்ச் வேண்டும், ஆனால் வெளியே தெரியக் கூடாது என்றார். முன்னால் இரும்புச் சட்டம் கட்டினால் போலீஸ் நிறுத்தும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "தெரிஞ்சா ஊர்ல சிக்கற டிராக்டரையெல்லாம் நாந்தான் போய் இழுக்கோணும் மாப்ள. எனக்கு வேற சோலி இல்லீங்களா?"

பம்பருக்குள் வின்ச்சை ஒளித்து வைப்பது லேசான வேலை இல்லை. பம்பரைக் கழற்றி, பின்னால் குறுக்கே போகும் தகட்டை வெட்டி, சேசிஸின் இரண்டு முனைகளுக்கும் நடுவே எட்டு எம்எம் தகட்டில் ஒரு தட்டு அடித்துப் பொருத்த வேண்டும். வின்ச் அந்தத் தட்டில் நான்கு போல்ட்டில் உட்காரும். ரேடியேட்டருக்கும் அதற்கும் இடையே இரண்டு விரல் சந்துகூட இருக்காது. மூன்று போல்ட்டை முடுக்கிவிடலாம். நான்காவது, இடது பக்கம் உள்ளே இருப்பது, சேசிஸை ஒட்டி ஒளிந்துகொள்ளும். ஸ்பேனர் கால் சுற்றுக்கு மேல் திரும்பாது. எடுத்து மாட்டி, எடுத்து மாட்டி, அரை மணி நேரம் ஆகும். பம்பரை மாட்டிவிட்டால் அதை யாரும் பார்க்க முடியாது, தொடவும் முடியாது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பாடியைச் சேசிஸில் உட்கார வைக்கும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால்தான் திருகுவோம். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் ஒவ்வொன்றாக முடுக்கி, முடுக்கியதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்போம். கோடு இருந்தால் முடுக்கியாயிற்று என்று அர்த்தம். நான் பேரேடு எழுதுகிறவன் இல்லை, எனக்கு ஞாபகம் என்பதே அந்த மஞ்சள் கோடுதான்.

வண்டி எடுக்க வந்தது ஒரு திங்கட்கிழமை. பத்தரைக்கு எமகண்டம். மச்சான் ஒன்பது மணிக்கே வந்து நின்றுகொண்டார். எலுமிச்சம்பழம், கற்பூரம், மாலை எல்லாம் கையில். புது வேலை செய்த வண்டி எமகண்டத்துக்கு முன்னால் பட்டறைக் கதவைத் தாண்டியாக வேண்டும். இங்கே அதற்கு மறுபேச்சுக் கிடையாது, லாரி முதலாளிகள் எல்லோரும் அப்படித்தான். நானும் அப்படித்தான். மூன்று போல்ட்டுக்குக் கோடு இழுத்துவிட்டேன். நான்காவதைக் கையால் திருகி வைத்திருந்தேன். மணி பத்து ஐந்து. "மாப்ள, நேரமாச்சுங்க" என்றார். பம்பரை மாட்ட வேண்டும், பிளேட்டுக்குக் கீல் வைக்க வேண்டும், சுவிட்ச் சரிபார்க்க வேண்டும். அடுத்த சர்வீஸுக்கு வருவார், அப்போது முடுக்கிக்கொள்ளலாம் என்று பம்பரைத் தூக்கி மாட்டினேன். பத்து இருபத்தைந்துக்கு வண்டி கதவைத் தாண்டியது. பழம் நசுங்கிய சத்தம்கூடக் கேட்டது.

சர்வீஸுக்கு அவர் வரவில்லை. ரிக்கோடு வடக்கே போய்விட்டார். திரும்பி வந்தபோது பட்டறையில் பாடி கட்ட இரண்டு லாரிகள் காத்து நின்றன. அந்த போல்ட் எனக்கு மறந்துபோனது என்று சொன்னால் பொய். சாப்பிட உட்காரும்போது, பைக்கை உதைக்கும்போது என்று திடீர் திடீரென்று ஞாபகம் வரும். நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். என்ன சொல்வது? அவ்வளவு பெருமையாகக் கொடுத்த வேலையில் ஒன்று பாக்கி என்று எப்படிச் சொல்வது? இப்படியே ஏழு மாதம் போயிற்று.

அந்த ஐப்பசியில் மலையில் பெய்த மழைக்கு ஓடையில் வெள்ளம் வந்தது. மச்சானும் அவர் மனைவியும் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுச் சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், தபால் ஆபீஸில் வேலை. தோட்டத்துக்குப் போகும் தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் நடுவே, ஓரக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். கரையில் நாலைந்து பேர் வெறுமனே கத்திக்கொண்டிருந்தார்கள். மச்சான் ஜீப்பைக் கரையில் நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, நம்பர் பிளேட்டைத் தூக்கி ரோப்பை வெளியே இழுத்தார். இடுப்பில் துண்டைச் சுற்றி, அதன் மேல் ரோப்பைச் சுற்றிக் கொக்கியை மாட்டிக்கொண்டார். அக்காவை ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தார். "நான் கையத் தூக்குனா சுவிட்ச அழுத்து. அதுவரைக்கும் தொடாத" என்றார். அவர் அக்காவிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

பெரியவரைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டார். கரையில் நின்றவர்கள் பெரியவரைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அதற்குள் வேரோடு ஒரு மரம் உருண்டு வந்து ரோப்பில் விழுந்தது. மச்சான் நடுத்தண்ணீருக்குப் போய்விட்டார். அவர் கை மேலே வந்தது. அக்கா சுவிட்சை அழுத்தினார். ஹெட்லைட் மங்கியது, ஜீப்பின் மூக்கு தாழ்ந்தது. அப்புறம் பம்பரைப் பிய்த்துக்கொண்டு வின்ச் தண்ணீருக்குள் போயிற்று. தீயணைப்புக்காரர்கள் ஓடை போய்ச் சேரும் ஏரி வரைக்கும் தேடினார்கள். வின்ச்சும் கிடைக்கவில்லை, மச்சானும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமலேதான் காரியம் செய்தோம்.

ஜீப்பை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்கள் யாரும் இல்லாத மத்தியானத்தில் நான் அதற்கு அடியில் படுத்துப் பார்த்தேன். தட்டில் மூன்று துளைகள் கிழிந்து வாய் பிளந்திருந்தன. நான்காவது துளை வட்டமாக, அடித்த பெயிண்ட்கூட உரியாமல் அப்படியே இருந்தது. எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் அதைப் படிக்கத் தெரியும். அந்த போல்ட் எப்போதோ ஒரு குண்டும் குழியுமான தடத்தில் தானே சுழன்று விழுந்திருக்கிறது. நாலு பேர் தாங்க வேண்டியதை மூன்று பேர் தாங்கியிருக்கிறார்கள். நான் ஒயர்களை வெட்டி டேப் சுற்றினேன். புது பம்பர் போட்டு மூடினேன். ஒன்றும் சொல்லாமல் கொண்டுபோய் அக்கா வீட்டில் விட்டேன். வெள்ளத்துக்கு முன்னால் இரும்பு என்ன செய்யும் என்று ஊரே சொன்னது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். கோழைத்தனத்துக்கு இதைவிட வேறு பெயர் எனக்குத் தெரியாது.

இதில் நான் எதிர்பார்க்காதது அக்கா. பதினாறாம் நாள் காரியத்தில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அவரு கையத் தூக்குனாருங்களா, தண்ணி தூக்குச்சுங்களா? எனக்குத் தெரியலியே. நான் அழுத்தாம இருந்திருந்தா ரோப்பாச்சும் இருந்திருக்குமே." அதற்குப் பிறகு இரண்டு வருஷம், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் இதையே கேட்டார். தபால் ஆபீஸில் முத்திரை குத்தும்போது கட்டை விரல் நடுங்குகிறது என்று வேறு வேலைக்கு மாறிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த விரலின் நடுக்கம் நின்றிருக்கும். அந்த வார்த்தை என்னிடம் இருந்தது. நான் சொல்லவில்லை.

போன மாசியில் அக்கா அந்த ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. "வின்ச்சு மறுக்கா போட்டுக் குடுங்க தம்பி. அதே எடத்துல, அதே மாதிரி."

"எதுக்குங்க அக்கா?"

"இதைப் பாருங்க" என்று ஏறி உட்கார்ந்து, இன்ஜினைப் போட்டு, ஹெட்லைட்டையும் போட்டார். ஷெட்டின் உள் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டம் விழுந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுப் பழைய சுவிட்சை அழுத்தினார். வட்டங்கள் இரண்டும் மஞ்சளாகி மங்கின. ஒயர் எங்கோ வண்டி பாடியில் உரசுகிறது, பேட்டரியைக் குடிக்கிறது என்று சொன்னேன். "அப்புடீங்களா" என்றவர் விரலை எடுக்காமல் கேட்டார். "அப்ப மூக்கு ஏனுங்க தாழுது?"

நான் பார்த்தேன். முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே இருந்த இடைவெளி கண்ணெதிரே குறைந்துகொண்டிருந்தது. ஸ்பிரிங் முனகியது. பெரிய லோடை ரோப்பில் கட்டி இழுக்கும்போது மட்டும்தான் ஒரு ஜீப் அப்படி முகம் குனியும். அவர் விரலை எடுத்ததும் வண்டி மெதுவாக நிமிர்ந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். நான் வெட்டிச் சுற்றிய டேப் பிரியாமல், இரண்டு வருஷத் தூசியோடு அப்படியே இருந்தது. சுவிட்சிலிருந்து வரும் ஒயர் எதையும் தொடவில்லை.

"தெனமும் பார்க்கறனுங்க" என்றார் அக்கா. "அக்கட்ட, அந்த முனையில, இன்னும் கனம் இருக்குது. நான் அன்னைக்கு இழுத்தது பாதியில நிக்குதுங்க தம்பி. நல்லதா ஒண்ணு போட்டுக் குடுங்க, மீதிய இழுத்துப்போடறேன்."

இந்த வேலையை மறுக்க எனக்கு ஆயிரம் வழி இருந்தது. வின்ச் கிடைக்கவில்லை என்று சொல்லலாம், ஆள் இல்லை என்று சொல்லலாம். அக்கா அங்கேயே நின்றார். நான் பம்பரைக் கழற்றினேன். பழைய தட்டை அறுத்து எடுத்துக் கீழே போட்டபோது அவர் குனிந்து அதைப் பார்த்தார். கிழிந்த துளைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். நான்காவதற்குள் ஆள்காட்டி விரலை விட்டார். மோதிரம் போட்ட மாதிரி விரல் அதில் சரியாக நின்றது.

"இது மட்டும் ஏனுங்க முழுசா இருக்குது?"

அவர் தபால் ஆபீஸ்காரர், அவருக்கு இரும்பு தெரியாது. என்ன சொன்னாலும் நம்பியிருப்பார். அதனால்தான் என்னால் பொய் சொல்ல முடியவில்லை என்று நினைக்கிறேன். தரையில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை, எமகண்டம், மஞ்சள் கோடு, சர்வீஸுக்கு வருவார் என்று விட்டது, மத்தியானத்தில் படுத்துப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவர் அழவில்லை. விரலைத் துளையிலிருந்து எடுக்கவும் இல்லை.

அப்படியே கேட்டார். "அப்ப நான் அழுத்துனது தப்பில்லீங்களா?"

"இல்லீங்க அக்கா. நீங்க சரியாத்தான் அழுத்துனீங்க. நாலாவது இருந்திருந்தா மச்சான் கரைக்கு வந்திருப்பாருங்க."

அவர் தலையை ஆட்டினார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "போட்டு முடிங்க" என்று மட்டும் சொன்னார். நான் போட்டு முடிக்கும் வரைக்கும், ஐந்து நாள், தினமும் ஆபீஸ் முடிந்து வந்து எதிரே நின்று பார்த்தார். பத்து எம்எம் தகடு. முன் ஸ்பிரிங் இரண்டையும் புதிதாக மாற்றினேன். நான்காவது போல்ட்டை முதலில் முடுக்கினேன், அப்புறம்தான் மற்ற மூன்றும். வண்டி எடுக்க எந்த நேரம் நல்ல நேரம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயிலில் தரைப்பாலத்துக்குப் போனோம். என்னையும் வரச் சொல்லியிருந்தார். நான் பின் சீட்டில் கருவிப்பெட்டியோடு உட்கார்ந்து போனேன், முன் சீட்டில் உட்காரத் தைரியம் வரவில்லை. ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெறும் மணல், வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. மச்சான் நிறுத்திய அதே இடத்தில் ஜீப்பை நிறுத்தினார். வின்ச்சின் லீவரைத் தளர்த்தி, கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினார். நடு ஓடையில் ஓர் இடத்தில் நின்று, குனிந்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போலக் கொக்கியை மணல் மேல் வைத்தார். எதிலும் மாட்டவில்லை. மாட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து ஏறினார். விளக்கைப் போட்டார், சுவிட்சை அழுத்தினார். கிடந்த ரோப் சோம்பலாக வந்து டிரம்மில் சுற்றியது. அப்புறம் மணலை விட்டு எழும்பியது. நாண் மாதிரி விறைத்து நின்றது. வெயிலில் எரிந்த ஹெட்லைட் மஞ்சளானது. மூக்கு தாழ்ந்தது. நூறு அடி தள்ளி, மணல் மேல் சும்மா கிடக்கிற ஒரு கொக்கிக்காக வின்ச் மோட்டார் கதறியது. நான் படுத்து அடியில் பார்த்தேன். நான்கு தலையிலும் மஞ்சள் கோடு கோணாமல் நின்றது. தட்டு இம்மிகூட அசையவில்லை. அக்காவின் கட்டை விரல் நடுங்கவில்லை. முகம் கோடாலி பிடித்தவர் முகம் மாதிரி இறுகியிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொக்கி அடி அடியாக வந்து, கரை ஏறி, உருளைகளுக்கு முன்னால் நின்றது. அக்கா விரலை எடுத்தார். வண்டி நிமிர்ந்தது. நான் எழுந்து மணலைப் பார்த்தேன். கொக்கி நாலு விரல் அகலம். அது வந்த தடம் ஓர் ஆள் படுத்த அகலத்துக்கு இருந்தது. கரையில், ஜீப்புக்கு இரண்டு அடி முன்னால் அந்தத் தடம் முடிந்திருந்தது.

அக்கா இறங்கி, சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்தார். திறந்து பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். முழங்கால் வலிக்கிற ஆள் ஏறுவதற்கு எவ்வளவு நேரம் கொடுப்போமோ அவ்வளவு நேரம். அப்புறம் கதவை மெதுவாகச் சாத்தி, அழுத்திப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

"நீங்க பஸ்ஸுல வந்துருங்க தம்பி" என்றார். "அவருகூடச் சித்த தனியாப் போறேனுங்க."

நான் சரிங்க அக்கா என்றேன். வண்டி மேடேறித் திரும்பியபோது இடது பக்கம் இரண்டு விரல் தாழ்ந்திருந்தது. பழைய ஜீப்புக்கு ஸ்பிரிங் ஒரு பக்கமாக உட்காருவது சகஜம்தான். ஆனால் அந்த ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, போட்டவன் நான்.

இப்போதும் கல்யாணம், காதுகுத்து என்றால் அக்கா அந்த ஜீப்பில்தான் வருகிறார். ஆபீஸில் மறுபடி முத்திரை குத்துகிறார், வாய்விட்டுச் சிரிக்கிறார். என்னை மன்னித்துவிட்டார் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் அவர் மட்டும் இல்லையே. மண்டப வாசலில் ஜீப் வந்து நின்றால் நான் ஓடிப்போய் வாங்க என்று சொல்கிறேன். எப்போதும் வலது பக்கமாகவே போகிறேன். இடது பக்கக் கண்ணாடி பாதி இறங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் போய் நின்று, மச்சான், நாலாவது போல்ட்டை நான் முடுக்கவில்லை என்று ஒரு தரம் சொல்லிவிட வேண்டும். இன்னும் சொல்லவில்லை. அவர் என்ன பதில் சொல்வாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.